கிரகணமும் கடவுளும்

பௌதிகவியல் படிக்கத் தொடங்கிய பிள்ளை ஒருநாள் மாலை விளக்கு வைக்கும் வேளையிலே தாயையோ தந்தையையோ பார்த்து, "கடவுள் உண்டென்பதற்கு என்ன சான்று?" என்று கேட்டுவிடுகிறது. இக்கேள்வி எழாத தமிழ்க் குடும்பம் அரிது. இதற்குப் பெரியோர் கூறும் விடைகள் பெரும்பாலும் இரண்டே. "வாயை மூடு" என்பது ஒன்று. "நம் முன்னோர் செய்தவை யாவும் விஞ்ஞானமே" என்பது மற்றொன்று.

முன்னையதால் பெருந்தீங்கு விளைவதில்லை. கேள்வி உள்ளேயே கிடந்து வளரும். பின்னையதே எமக்கு அச்சந் தருவது. திருநீற்றுக்கு ஒரு மருத்துவ குணம், கோயில் மணிக்கு ஒரு மின்காந்த அலை, தோப்புக்கரணத்துக்கு ஒரு மூளைப் பயிற்சி என்று அடுக்கிவிட்டு, இவையே சமயத்துக்குச் சான்று என்று பிள்ளையிடம் சொல்லிவிடுகிறோம். நாளை ஆய்வுகூடத்திலே அந்த அலை அகப்படாவிட்டால், பிள்ளை அலையை மட்டுமா எறியும்? மணியையும் திருநீற்றையும் சேர்த்தே எறிந்துவிடும். அப்படி எறிந்தால் அதன் மேல் நாம் கோபிக்க நியாயமில்லை. அளக்கும் கோலை அதன் கையிலே கொடுத்தவர்கள் நாமே.

இந்த வழக்கு யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், சந்திரனையே சாட்சிக் கூண்டில் ஏற்றி நம்மவர் இதனை விசாரித்திருக்கிறார்கள்.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த பாதிரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையிலே ஒரு செமினரியை நிறுவி, கணிதமும் வானசாத்திரமும் தத்துவமும் கற்பித்தனர். அதன் தலைவர் டானியல் பூர் பாதிரியார். அந்நாளிலே குடாநாட்டில் மதிப்புப் பெற்றிருந்த பஞ்சாங்கக் கணிதர் அராலி விசுவநாத சாஸ்திரியார். 1829 மார்ச் 20ஆம் தேதி நிகழவிருந்த சந்திர கிரகணத்தைச் சாஸ்திரியார் தம் பஞ்சாங்கத்திலே குறித்திருந்தார். பூர் பாதிரியார் அதனை மேல்நாட்டு முறைப்படி கணித்துப் பார்த்தார். இரண்டும் ஒத்துவரவில்லை. கிரகணம் தொடங்கும் ஸ்பரிச காலத்தில் 15 நிமிடம் பேதம்; நீடிக்கும் காலத்தில் 24 நிமிடம் பேதம்; சந்திர பிம்பத்தைப் பன்னிரண்டு அங்குலமாக வகுத்துக் கூறும் மறைப்பிலே 3 அங்குலம் பேதம்.

பாதிரியாருக்கு இது வாய்த்த தருணமாயிற்று. எவர் கணக்குச் சரி என்பதை வானமே சொல்லட்டும் என்றார். அன்று மாலை சந்திரன் அமெரிக்கர் கணக்கின்படியே நடந்துகொண்டது.

சாஸ்திரியாருக்கு அது தோல்விதான். அதை மறைப்பதில் எமக்கு விருப்பமில்லை. வானத்திலே நடப்பதைப் பற்றி ஒருவர் ஒரு கணக்குச் சொன்னால், அது சரியா பிழையா என்று பார்த்துவிடலாம், பார்க்கவும் வேண்டும். "இது எங்கள் சமயம், அளக்காதே" என்று தடுப்பது சமயத்துக்கும் பெருமையன்று, பஞ்சாங்கத்துக்கும் பெருமையன்று.

ஆனால் அந்தப் 15 நிமிடம் எதனை மெய்ப்பித்தது? இதனை ஆராய நாம் சற்றே புதுச்சேரிக்குப் போய்வர வேண்டும்.

பிரெஞ்சு வானசாத்திரி லெ ஜென்தில் என்பவர், சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி செல்லும் காட்சியைப் பார்ப்பதற்கென்றே 1760இல் தம் நாட்டை விட்டுப் புறப்பட்டவர். 1761இல் போரின் காரணமாகப் புதுச்சேரியில் இறங்க முடியாமல் நடுக்கடலிலே நின்றார். எட்டு ஆண்டுகள் காத்திருந்து, 1769 ஜூன் மாதத்தில் புதுச்சேரியிலே கருவிகளை அமைத்துக்கொண்டு விழித்திருந்தார். உரிய வேளையில் மேகம் வந்து மூடிவிட்டது. (பாவம் அந்த மனிதர். ஊர் திரும்பியபோது, இறந்துபோனார் என்றே அவரைக் கணக்கு முடித்து வைத்திருந்தார்கள்.) அவர் புதுச்சேரியில் இருந்த காலத்தில் தமிழ்க் கணிதரின் முறையைக் கேட்டு அறிந்தார். அவர்கள் காகிதமும் எழுதுகோலும் இன்றி, சோழிகளைத் தரையிலே பரப்பி, வாய்பாடாக மனனம் செய்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே கிரகணத்தைக் கணித்தார்கள். 1765 ஆகஸ்ட் 30இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவு, அம்முறைப்படி கணித்தபோது 41 விநாடியே குறைந்தது. அக்காலத்து ஐரோப்பாவிலே சிறந்தவை எனப் போற்றப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணைகள் 68 விநாடி கூட்டிக் காட்டின.

வட்டுக்கோட்டைக் கிரகணத்தால் சைவம் பொய்யென்று முடிவானால், புதுச்சேரிக் கிரகணத்தால் கிறிஸ்தவம் பொய்யென்று முடிவாக வேண்டும். 27 விநாடி வித்தியாசத்திலே ஒரு வேதம் வீழ்ந்தது என்று எவரேனும் சொன்னால் நாம் நகைப்போம். இரண்டு இடத்திலும் வென்றது நல்ல கணக்கு. அவ்வளவே.

மேலும், கிரகணம் பூமியின் நிழல் என்பதை நம் கணிதர் பாதிரிமாரிடம் கற்றுக்கொள்ளவில்லை. கி.பி. 499இல் ஆரியபடர் எழுதிய நூலிலேயே அது உண்டு. இராகு விழுங்குகிறான் என்பது புராணம். நிழல் விழுகிறது என்பது சித்தாந்த கணிதம். பஞ்சாங்கம் கணித்த அந்தணர் நிழலை வைத்துக் கணக்குப் போட்டார். கிரகண வேளையில் ஸ்நானமும் செய்தார். இது முரண்பாடு என்று பாதிரிமார் கண்டித்தார்கள். கண்டித்தவர்களின் நிலைமையும் அப்போது அத்துணைச் சீராக இல்லை. அக்காலத்து ஆங்கில விவிலியப் பிரதிகளின் ஓரத்திலே, அஷர் என்ற ஐரிஷ் ஆயர் கணித்தபடி, உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று அச்சிட்டிருந்தார்கள். பாறைகளை ஆராய்ந்தோர் அந்தக் கணக்கைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டிருந்த காலம் அது. யோசுவாவின் பொருட்டுச் சூரியன் நின்ற கதையையும் வட்டுக்கோட்டைத் தொலைநோக்கியால் மெய்ப்பிக்க இயலாது. எவர் அளவுகோலை எடுத்தாலும் அது இருபுறமும் அளக்கும்.

இதனை நன்கு உணர்ந்தவர் ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலியத்தைத் தமிழாக்குவதில் உழைத்த அவர், 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், திருக்கோயில் வழிபாட்டைப் பழித்தோர்க்கு அந்த விவிலியத்திலிருந்தே விடை கூறினார். விளக்கும் தூபமும் நிவேதனமும் உங்கள் பழைய ஏற்பாட்டிலும் விதிக்கப்பட்டனவே என்று எடுத்துக் காட்டினார். அதே 1854இல், பூர் பாதிரியாருக்குப் பின் செமினரியின் தலைவராயிருந்த ஹொய்சிங்டன் பாதிரியாரின் சிவஞானபோத ஆங்கில மொழிபெயர்ப்பு அமெரிக்காவிலே அச்சாகியது. கண்டிக்க வந்தவர் கற்றார்; கண்டனத்துக்கு ஆளானவரும் கற்றார். சமயச் சண்டைகளிலே இவ்வளவு படிப்பு நடப்பது அபூர்வம்.

ஹொய்சிங்டன் எடுத்துக்கொண்ட நூலுக்கும் சான்றுக்கும் தொடர்புண்டு. "நம்பு, கேளாதே" என்று சொல்லும் சமயமாக நம் சமயத்தைப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் முதற் சூத்திரமே ஒரு வாதம். அவன், அவள், அது எனப்படும் உலகம் தோன்றி நின்று மறைகிறது. தானே இயங்காத அது ஒரு கருத்தாவை உடையது என்று அனுமானத்தால் நிறுவுகிறார். அவருடைய மாணாக்கர் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரிலே அறிவின் வாயில்களைப் பற்றிய அளவையைத்தான் முதலில் வைக்கிறார். பிறர் பத்து வரை விரித்த அளவைகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றில் அடக்குகிறார். கண்ணால் கண்டதொன்றே மெய் என்னும் உலகாயதர் முதலாக 14 கொள்கையினரின் கட்சிகளை எடுத்துக் கூறி, அதன் பின்பே மறுக்கிறார். கேள்வி கேட்ட பிள்ளையை வாய்மூடச் சொல்லும் தகப்பனார் சித்தியாரைத் திறந்து பார்த்தவராக இருக்கமாட்டார்.

அப்படியானால் அனுமானம் போதுமா? குடத்தைக் கண்டால் குயவன் உண்டென்று அறிகிறோம். உலகத்தைக் கண்டால் இறைவன் உண்டென்று அறிக என்பது சைவ நூலார் சொல்லும் உவமை. எதிர்க்கட்சியார் இதற்குச் சொன்ன தடையும் பழையதே. குயவன் குடம் வனைவதை நாம் கண்டிருக்கிறோம். உலகம் வனையப்படுவதை எவர் கண்டார்? எமக்கு இந்தத் தடை எளிதில் தள்ளத்தக்கதாய்த் தோன்றவில்லை. அனுமானம், இறைவனை நம்புவது அறிவீனமன்று என்று காட்டும். நம்பாதவனைக் கழுத்தைப் பிடித்து நம்பச் செய்ய அதனால் ஆகாது. வடிவகணிதத் தேற்றத்தைப் போல முடிந்துவிடும் வாதமாயிருந்தால், ஏழு நூற்றாண்டுக்கு மேலாக அதைப் படித்தவர்களிலே நாத்திகர் ஒருவரும் இருந்திருக்கமாட்டார்.

எஞ்சுவது உரை. மாணவருக்கு மிகவும் இளப்பமாகத் தோன்றுவது இதுவே. "யாரோ சொன்னதை நம்புவதா?" என்பார். அவர் பிறந்த நாள் எது என்று கேளுங்கள். தாம் பிறந்ததைத் தாம் கண்டவர் எவருமில்லை. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை எடுத்துக் காட்டினாலும், அதிலிருப்பதும் ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதியதே. தாயின் சொல்லை நாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதில்லை. அவள் அங்கே இருந்தவள். நம்மை ஏமாற்றுவதால் அவளுக்கு ஆவதொன்றில்லை. பல காலம் பழகியதில் அவள் சொல் பொய்த்ததில்லை. இத்தனையும் பார்த்தே ஏற்கிறோம், பார்த்ததை உணராமலே. ஆப்தன் என்ற சொல்லின் பொருள் இதுதான். அப்பரும் மாணிக்கவாசகரும் தாம் அடைந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொல்லை ஏற்பவன் எல்லார் சொல்லையும் ஏற்கவேண்டுமென்பதில்லை. பணம் வாங்கிக்கொண்டு அற்புதம் காட்டுகிறவரை ஆயிரந்தரம் சோதிப்பதே அறிவு.

ஆயினும் பக்தர்களாகிய நாமே இந்த இடத்தில் செய்யும் ஒரு கள்ளக் கணக்கு உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் வந்தது. கரையோரத்திலே கோயில்கள் சில நின்றன. சில இருந்த இடந்தெரியாமற் போயின. தேவாலயங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் அவ்வாறே. நின்றதைக் காட்டி, "பார், இதுவே சான்று" என்றவர்கள், வீழ்ந்ததைக் குறித்துப் பேசவில்லை. பிழைத்தவன், "ஆண்டவன் என்னைக் காப்பாற்றினான்" என்று கைகூப்புவது நன்றி. அதில் எவருக்கும் குறையில்லை. அதையே ஒரு நிரூபணமாக நிறுத்திவிட்டால், அடுத்த வீட்டிலே பிள்ளையை இழந்தவளுக்கு அது என்ன சொல்கிறது? பாதிரியார் சந்திரனைச் சாட்சிக்கு இழுத்ததைவிட இது கொடியது. சந்திரனுக்கு நோகாது.

சான்று கேட்க வேண்டிய இடம் எது, வேண்டாத இடம் எது என்பதை நூல் படியாதவர்களும் அறிவார்கள். 2017 பெப்ரவரி மாதத்தில், போரிலே காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்கள் அமர்ந்த இடம் கந்தசுவாமி கோயிலின் முன்றில். கையில் மகனின் படம். எங்கே என்று சொல்லுங்கள், இறந்தானென்றால் அதற்குச் சான்று தாருங்கள் என்பது அவர்கள் அரசிடம் கேட்டது. வெறும் வாய்ச்சொல்லையோ, காரணம் காட்டாத மரணப் பத்திரத்தையோ, இழப்பீட்டுத் தொகையையோ அவர்கள் விடையாக ஏற்கவில்லை. மனிதர் செய்ததற்கு மனிதர் சான்று தரவேண்டும். அங்கே "நம்புங்கள்" என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அத்தாய்மாருள் எத்தனையோ பேர் கோயிலிலே நேர்த்தி வைத்தவர்கள்; மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியவர்களும் உண்டு. அங்கே அவர்கள் சான்று எதுவும் கேட்கவில்லை. கேட்டது மகனைத்தான்.