போனது போனதுதானா?

"ஃபார்மட் ஆயிடுச்சு சார், போனது போனதுதான்" என்று கம்ப்யூட்டர் கடையில் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். பல நேரம் அது அறியாமை, சில நேரம் சோம்பல். இரண்டுக்கும் விலை கொடுப்பது நாம்தான்.

ஓசூர் சிப்காட்டில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பருக்கு நடந்தது இது. விண்டோஸ் மாற்றிப் போடும்போது சி டிரைவுக்குப் பதிலாக டி டிரைவை அவர் மகன் ஃபார்மட் செய்துவிட்டான். பதினொரு வருட டிராயிங், சிஎன்சி புரோகிராம், ஜாப் ஒர்க் பில் எல்லாம் அதில்தான். 'உள்ளே இருந்தது வேண்டும்' என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார். கடைப் பையன் டிஸ்க் முழுவதையும் ஒரே பார்ட்டிஷனாக்கி, புது விண்டோஸ் ஏற்றி, 600 ரூபாய் வாங்கிக்கொண்டான். மகன் செய்தது விபத்து. கடை செய்ததுதான் சேதம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? தாலுகா ஆபீசில் சிட்டாவைக் கிழித்துப் போட்டால் நிலம் காணாமல் போகுமா? குயிக் ஃபார்மட் செய்வதும் அவ்வளவுதான். எந்தக் கோப்பு எங்கே என்ற பதிவேடு மட்டும் புதிதாகிறது. கோப்புகள் இருந்த இடத்திலேயே கிடக்கின்றன. அந்த நிலத்தில் வேறொருவர் வீடு கட்டும்வரை மீட்க வழி உண்டு. புது விண்டோஸ் ஏற்றுவதுதான் அந்த வீடு.

2003 பிப்ரவரியில் கல்பனா சாவ்லா பயணம் செய்த கொலம்பியா விண்கலம் வானிலேயே சிதறியது. இடிபாடுகளில் கிடைத்த ஒரு கருகிய ஹார்ட் டிஸ்கிலிருந்து ஏறத்தாழ 99 சதவீதத் தகவலை நிபுணர்கள் மீட்டார்கள். அந்த ஆய்வு முடிவு 2008-ல் வெளியானது. வானத்திலிருந்து விழுந்த டிஸ்கையே மீட்க முடிந்தபோது, மேஜைமேல் இருந்த டிஸ்கை முயன்றுகூடப் பார்க்காமல் கைவிடுவதா?

செய்ய வேண்டியது இதுதான். உடனே கம்ப்யூட்டரை அணைத்து டிஸ்கைக் கழற்றுங்கள். வேறு கம்ப்யூட்டரில் மாட்டி முழு டிஸ்கையும் அப்படியே நகல் எடுத்து, நகலில் தேடச் சொல்லுங்கள். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் இரண்டும் இலவசம். ஃபோட்டோரெக்கில் கோப்புப் பெயர்கள் பெரும்பாலும் திரும்ப வராது, உள்ளடக்கம் வரும். உள்ளூரில் முடியாவிட்டால் அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூரு. அங்கே இதற்கென்றே லேப்கள் உண்டு.

எல்லாமே மீளும் என்று சொல்லவில்லை. விஸ்டா முதல் வந்த விண்டோஸில் முழு ஃபார்மட் கொடுத்தால் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதிவிடும். எஸ்எஸ்டியில் டிரிம் வசதி வேலை செய்துவிட்டாலும் நம்பிக்கை குறைவு. 2006-ல் அமெரிக்காவின் அலாஸ்கா மாநில வருவாய்த் துறையில் ஒரு ஊழியர் டிஸ்கோடு பேக்கப் டிஸ்கையும் தவறுதலாக ஃபார்மட் செய்துவிட்டார். பேக்கப் டேப்பையும் படிக்க முடியவில்லை. கடைசியில் கைகொடுத்தவை சுமார் 300 அட்டைப்பெட்டிகளில் இருந்த காகிதங்கள். மறுபடி ஸ்கேன் செய்து முடிக்க 2 லட்சம் டாலருக்கு மேல் ஆனது. ஆகவே பட்டறைக்காரர்களே, இன்னொரு நகல் வேறு இடத்தில் இருக்கட்டும். அது திறக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

கடைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். டூவீலரை சர்வீஸுக்கு விட்டால் பெட்ரோல் எவ்வளவு, கீறல் எங்கே என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒரு சீட்டில் 'டேட்டா வேண்டும்', 'வேண்டாம்' என்று இரண்டு கட்டம் போட உங்களுக்கு என்ன கஷ்டம்?