கதவோடு போனது

காட்டுப்பள்ளி துறைமுகச் சாலையில், கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே கதவுகளைக் கழற்றிவிட்டு ஒரு மஹிந்திரா தார் ஜீப் பறந்தது. அழகுதான், மறுக்கவில்லை; 1947இல் மஹிந்திரா இங்கே வில்லிஸ் ஜீப்பைக் கொண்டுவந்த காலத்திலிருந்தே திறந்த ஜீப் மேல் நமக்கொரு மயக்கம். ஆனால் என் கண் தேடியது பக்கவாட்டுக் கண்ணாடியை. தாரில் அது கதவோடு ஒட்டியது. கதவு போனால் அதுவும் போச்சு. பின்னால் நாற்பதடிப் பெட்டியோடு வருகிறவர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறார் என்று ஓட்டுகிற தம்பி எதில் பார்ப்பார்? தயாரிப்பாளர் தந்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது ஒருபுறம் இருக்கட்டும். காற்று வாங்கத்தான் கதவைக் கழற்றினார் என்றால், இந்தச் சாலையின் காற்றில் உப்போடு அனல்மின் நிலையச் சாம்பலும் கலந்திருக்கிறது. ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கதவில்லாமல்தான் தினமும் முகத்தில் வாங்குகிறார்கள். அதை யாரும் ரீல்ஸ் எடுத்துப் போடுவதில்லை. 2020இல் வந்த தாரில் துணிக்கூரையை மடிக்கிற வகையும் உண்டு. வானம்தான் வேண்டுமென்றால் கூரையை மடித்துக்கொண்டு, ஞாயிறு விடியலில் பழவேற்காடு பக்கம் போகலாமே, தம்பி. கதவு இருந்துவிட்டுப் போகட்டும்.