விடுதலையைத் திருச்சபையே கேட்கட்டும்: கன்டர்பரிப் பேராயருக்கு ஒரு திறந்த மடல்

கனம்பொருந்திய தலைமைப் பேராயர் அவர்களுக்கு,

பாளையங்கோட்டைத் தூய திரித்துவப் பேராலயத்தை ஊசிக் கோபுரம் என்று உரிமையோடு அழைக்கும் ஜனங்களின் நடுவே பிறந்து, பொது ஜெபப் புத்தகத்தின் பாவ அறிக்கையையும் துதிகளையும் தமிழிலேயே மனப்பாடமாகக் கற்று வளர்ந்த ஒருவன், இங்கிலாந்தின் ராஜ்ய அமைப்பைப் பற்றித் தங்களுக்கு மடல் வரையத் துணிவதற்கு நியாயம் ஒன்று உண்டு. எங்கள் முன்னோரின் திருச்சபையும் ஒரு காலத்தில் தங்கள் திருச்சபையோடு ஒரே சட்டத்தால் பிணைக்கப்பட்டிருந்தது. அந்தப் பிணைப்பு அறுந்த பின்பு வாழ்ந்து பார்த்தவர்கள் நாங்கள். இங்கிலாந்துத் திருச்சபை அரசாங்கத்தின் அதிகாரபூர்வமான திருச்சபையாக நீடிக்கத்தான் வேண்டுமா என்ற விவாதம் அங்கே மீண்டும் மீண்டும் தலைதூக்குகிறது. அந்த விவாதத்தில், விடுதலை வேண்டும் என்ற குரல் திருச்சபைக்கு வெளியிலிருந்து மட்டும் எழாமல், தங்கள் வாயிலிருந்தே முதலில் எழ வேண்டும் என்று விண்ணப்பம் செய்துகொள்வதே இம்மடலின் நோக்கம்.

எண்ணிக்கையைக் காட்டி நான் வாதாடப் போவதில்லை. 2021ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தம்மைக் கிறிஸ்தவர் என்று எழுதிக்கொண்டவர்கள் நூற்றுக்கு 46.2 பேர், சமயம் எதுவும் இல்லை என்றவர்கள் 37.2 பேர் என்ற கணக்கு வெளிவந்தபோது, பாதிக்கும் குறைந்துவிட்டவர்களுக்கு அரசின் தனி அங்கீகாரம் எதற்கு என்று பலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் என் வழக்கு அதைச் சார்ந்ததன்று. நாட்டு மக்கள் அனைவரும் ஞாயிறுதோறும் ஆலயத்திற்கு வந்து முழந்தாளிட்டிருந்தாலும், ராஜாங்கத்தின் கைக்குள் இருப்பது திருச்சபைக்குத் தகாது என்றே நான் எழுதியிருப்பேன். ஏனெனில் அந்த உறவினால் மிகுதியாகச் சேதமடைவது திருச்சபையின் சொந்த மனச்சாட்சியே.

1927ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தைத் தாங்கள் அறிவீர்கள். தமிழ் வாசகர்களின் பொருட்டு அதை இங்கே விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்து, 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தைத் திருத்தி, பேராயர்களும் குருமாரும் விசுவாசிகளின் பிரதிநிதிகளும் பெரும்பான்மையாக ஒப்புக்கொண்ட ஒரு புதிய புத்தகம், சட்டம் கேட்கும் சம்மதத்திற்காகப் பார்லிமெண்டின் முன் வைக்கப்பட்டது. வாதத்தின் உயிர்நிலையாக இருந்த விஷயங்களில் ஒன்று, ஆலயத்திற்கு வர இயலாத நோயாளியிடம் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக, பிரதிஷ்டை செய்யப்பட்ட திருவிருந்து அப்பத்தைக் குருவானவர் பத்திரப்படுத்தி வைக்கலாமா என்பது. படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவிக்கும், அவளுடைய வாசலில் வந்து நிற்கும் ஒரு போதகருக்கும், அவ்விருவருக்கும் ஆண்டவராகிய ஒருவருக்கும் இடையே முடிய வேண்டிய அந்தக் காரியம், அரசியல் கட்சிகளின் பிரதிநிதிகள் கூடிய சபையிலே இரவு வரை விவாதிக்கப்பட்டு, 238 பேர் எதிர்ப்பு, 205 பேர் ஆதரவு என்ற கணக்கில் தள்ளுண்டது. அந்தச் சபையிலே ஸ்காட்லாந்தின் பிரஸ்பிட்டேரியரும், வேல்ஸின் சிற்றாலயங்களைச் சேர்ந்தவர்களும், பார்சி வம்சத்தவரும் பொதுவுடைமைக் கட்சியினருமான பாட்டர்ஸீ உறுப்பினர் சக்லத்வாலாவும் அங்கத்தினராக இருந்தார்கள். நாட்டின் சட்டங்களை இயற்ற அவர்கள் ஒவ்வொருவருக்கும் பூரண உரிமை உண்டு. ஆனால் இங்கிலாந்துத் திருச்சபை எப்படி ஆராதிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பாரத்தை அவர்கள்மேல் சுமத்தியது, அவர்களுக்கும் நியாயமன்று, திருச்சபைக்கும் நியாயமன்று. மறு ஆண்டு ஜூன் மாதத்தில் சில திருத்தங்களோடு திரும்ப வந்த புத்தகமும் 266க்கு 220 என்று வீழ்த்தப்பட்டது. இருபத்தைந்து ஆண்டுகள் தங்கள் ஆசனத்தில் அமர்ந்திருந்த ராண்டல் டேவிட்ஸன் அந்த ஆண்டு இறுதிக்குள் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். அதுவரை அரசுத் திருச்சபை முறையை ஊக்கத்தோடு ஆதரித்து வந்த டர்ஹாம் பேராயர் ஹென்ஸன், இந்த அனுபவத்திற்குப் பிறகு, பிரிவினையே வழி என்று வெளிப்படையாகப் பேசலானார்.

அது பழங்கதை, இப்போது பார்லிமெண்ட் தலையிடுவதில்லை என்று சொல்லப்படலாம். வழக்கமும் சட்டமும் ஓரளவு தளர்ந்திருக்கின்றனவே அன்றி, பார்லிமெண்டின் அதிகாரம் நீங்கிவிடவில்லை. 2012ஆம் ஆண்டு நவம்பரில், பெண்களைப் பேராயர்களாக்கும் தீர்மானம் திருச்சபையின் ஆளுகை மன்றமாகிய பொதுச் சினாட்டில் விசுவாசிகளின் பிரிவில் ஆறே வாக்குகளால் தவறியபோது, திருச்சபையை நேர்ப்படுத்தப் பார்லிமெண்டே சட்டம் செய்ய வேண்டியிருக்கும் என்று அதன் உறுப்பினர்கள் பலர் எச்சரித்தார்கள். பெண்கள் பேராயர்களாவதை முழு மனதோடு வரவேற்கிறவன் நான்; 2014இல் அது நிறைவேறியபோது கடல் கடந்து நாங்களும் மகிழ்ந்தோம். ஆயினும் நல்ல காரியத்தை அரசின் தண்டத்துக்கு அஞ்சிச் செய்வதற்கும், திருச்சபை தன் அறிவு தெளிந்து செய்வதற்கும் உள்ள தூரம் சிறிதன்று. இன்று நமக்கு உவப்பான திசையில் தள்ளுகிற கை நாளை வேறொரு திசையிலும் தள்ளும்.

பேராயர் நியமனத்தின் முறையும் இத்தகையதே. ஆசனம் ஒன்று காலியானால், எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டத்தின்படி, பேராலயத்தின் குருமார் குழுவுக்கு மன்னரிடமிருந்து தேர்தல் நடத்த அனுமதி வருகிறது. அதனுடன், யாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பெயர் குறித்த மற்றொரு ஓலையும் வருகிறது. பன்னிரண்டு நாட்களுக்குள் தேர்தல் நடவாவிட்டால் மன்னரே நியமித்துவிடலாம். அந்தப் பெயரை உள்ளபடியே தெரிந்தெடுப்பது இக்காலத்தில் திருச்சபையின் சொந்த நியமனக் குழுதான் என்பதையும், 2007 முதல் பிரதம மந்திரிகள் அக்குழு தரும் முதற்பெயரையே ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதையும் நான் மறக்கவில்லை. அப்படியானால் பரிசுத்த ஆவியின் துணையை வேண்டி ஜெபித்துக் கூடுகிற தேவ ஊழியர்களை, முன்னமே முடிந்துபோன ஒரு முடிவைத் தேர்தல் என்ற பெயரால் சொல்லச் செய்யும் சடங்கு இன்னும் ஏன் வேண்டும்? சத்தியத்தைப் போதிக்க ஏற்பட்ட ஸ்தாபனத்தின் வாசலிலே உண்மையல்லாத ஒரு சம்பிரதாயம் நிற்பது பொருந்துமா என்று தாங்களே சிந்திக்க வேண்டுகிறேன்.

அரசும் திருச்சபையும் ஒன்றாகக் கட்டுண்டபோது, திருச்சபைக்கு வெளியே நின்றவர்கள் பட்ட துன்பத்தையும் நாம் நினைவுகூர வேண்டும். 1662ஆம் ஆண்டின் ஒருமைப்பாட்டுச் சட்டத்தை ஒட்டி ஏறத்தாழ 2,000 போதகர்கள் தங்கள் சபைகளை இழந்தார்கள். அனுமதியின்றிப் பிரசங்கித்த குற்றத்திற்காக ஜான் பனியன் பெட்போர்டுச் சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தார். அவருடைய மோட்ச யாத்திரைக் கதையைத் தழுவித்தான் 1894இல் ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியத்தைத் தமிழுக்குத் தந்தார். எங்கள் பக்தி இலக்கியத்திற்கு வித்திட்ட ஒரு மகானை, தங்கள் திருச்சபையைக் காக்கவென்று ஏற்பட்ட சட்டங்களே சிறையிலிட்டன என்பதை நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது. கத்தோலிக்கர் பார்லிமெண்டில் அமர 1829 வரையிலும், யூதர் தம் முறைப்படி பிரமாணம் செய்து அமர 1858 வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தத் தடைகள் எல்லாம் ஒவ்வொன்றாக நீங்கிவிட்டன; எஞ்சியிருப்பவை கௌரவங்கள் மட்டுமே என்பார்கள். அவற்றுள் ஒன்றோ இன்னமும் ஒரு மனிதரின் மனச்சாட்சியைப் பிணித்திருக்கிறது: 1701ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரியணை ஏறுகிறவர் இங்கிலாந்துத் திருச்சபையோடு ஐக்கியமாயிருந்தே தீர வேண்டும். குடிமக்கள் யாவரும் அனுபவிக்கும் சமய சுதந்திரம், அந்த நாட்டில் மன்னர் ஒருவருக்கு மட்டும் இல்லை.

அரசுத் திருச்சபை முறையை ஆதரிப்போரின் வாதங்களை நான் இலேசாக எண்ணவில்லை. அவற்றுள் தலையாயது சேகரங்களைப் பற்றியது. இங்கிலாந்தின் ஒவ்வோர் அடி நிலமும் ஏதோ ஒரு சேகரத்திற்கு உட்பட்டது. அங்கே குடியிருப்பவர் ஞானஸ்நானம் பெறாதவராயினும், அந்தச் சேகரத்தின் ஆலயத்தில் விவாகம் செய்துகொள்ளவும், ஆலயத் தோட்டம் நிரம்பாதிருந்தால் அதில் அடக்கம் பண்ணப்படவும் பொதுவாக உரிமை பெற்றவர். யாரையும் அந்நியர் என்று தள்ளாத இந்த ஒழுங்கு கிறிஸ்தவ உலகத்தின் அழகான சம்பத்துகளில் ஒன்று. ஆனால் இந்த அன்பைச் சட்டம்தான் பிறப்பித்ததா? சட்டத்தின் கட்டளை நீங்கியவுடன் குருவானவர் தம் கதவைச் சாத்திவிடுவார் என்று அஞ்சுவோமானால், அவரிடம் இருந்தது அன்பன்று, உத்தியோகமே என்று ஒப்புக்கொண்டவர்களாவோம். அதை நான் நம்ப மாட்டேன். நாட்டில் உள்ள அனைவருக்கும் ஊழியம் செய்வோம் என்று திருச்சபை தன் சொந்த விதிகளில், தானே மனமுவந்து, பொருத்தனையாக எழுதிக்கொள்ளட்டும். கடமையாக இருந்ததைவிடக் காணிக்கையாக அது மேலும் ஒளி பெறும்.

பிரபுக்கள் சபையில் அமரும் 26 பேராயர்களைப் பற்றியது அடுத்த வாதம். ஏழைகளுக்காகவும் அடைக்கலம் தேடி வந்தவர்களுக்காகவும் அவர்கள் பேசியிருக்கிறார்கள்; 2022இல் அகதிகளை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்தை அவர்கள் ஒருமித்துக் கண்டித்தது கிறிஸ்தவர் யாவரும் பெருமை கொள்ளத்தக்க செயல். எனினும் அந்தக் கண்டனத்தின் பலம், அவர்கள் அமர்ந்த ஆசனத்திலிருந்து வந்ததா, அவர்கள் சொன்ன சொல்லின் நேர்மையிலிருந்து வந்ததா? தென்னாப்பிரிக்காவில் டெஸ்மண்ட் டூட்டு எந்தச் சட்டசபையிலும் அமரவில்லை; அவருடைய திருச்சபைக்கு அரசின் அங்கீகாரம் எதுவும் இல்லை; வாக்குரிமையே மறுக்கப்பட்ட அந்தக் குருவானவரின் வார்த்தைக்கு அரசாங்கம் நடுங்கிற்று. இந்துக்களிலும் முகம்மதியரிலும் யூதரிலும் சிலர், எந்தச் சமயத்திற்கும் பொதுவாழ்வில் இடமில்லாமற் போவதைவிட ஒரு சமயத்துக்கேனும் இடம் இருப்பது நல்லதென்று தங்கள் திருச்சபையை ஆதரிப்பதையும் அறிவேன். அந்தப் பெருந்தன்மைக்குத் திருச்சபை நன்றி சொல்ல வேண்டும்; ஆனால் பிறர் நிழலில் ஒதுங்க வேண்டியவர்களாக அவர்களை வைத்திராமல், சமமான தரையில் அவர்களோடு நிற்பதே அந்த நன்றிக்குத் தக்க கைம்மாறு.

பிரிந்தால் அழிவு நேரும் என்ற அச்சத்திற்குச் சரித்திரம் விடை கூறியிருக்கிறது. அரசு தன் திருச்சபையைக் காப்பது தர்மம் என்று வாலிபப் பிராயத்தில் ஒரு நூலே எழுதிய கிளாட்ஸ்டன், ஜனத்தொகையில் மிகச் சிறுபான்மையாயிருந்த திருச்சபையைக் கத்தோலிக்க நாட்டின்மேல் சுமத்துவது அநீதி என்று உணர்ந்து, 1869இல் அயர்லாந்தில் அதை விலக்கும் சட்டத்தைத் தாமே நிறைவேற்றினார். வேல்ஸில் அத்தகைய சட்டத்தைத் தீவிரமாக எதிர்த்தவர்களின் தலைவர் செயின்ட் அசாப் பேராயர் எட்வர்ட்ஸ். 1920இல் சட்டம் அமலுக்கு வந்தபோது, சுதந்திரத் திருச்சபையின் முதல் தலைமைப் பேராயராகி அதைக் கட்டி எழுப்பியவரும் அவரே. அந்தத் திருச்சபை தன் பழைய சொத்துக்களில் பெரும்பகுதியை இழந்தது. ஆனால் ஊழியத்தை இழக்கவில்லை. அங்கே தலைமை வகித்த ரோவன் வில்லியம்ஸையே பிற்காலத்தில் கன்டர்பரி தன் ஆசனத்திற்கு அழைத்துக்கொண்டது. ஸ்வீடன் 2000ஆம் ஆண்டிலும் நார்வே 2012, 2017ஆம் ஆண்டுகளில் படிப்படியாகவும் இந்தப் பந்தத்தைத் தளர்த்தின. பிரிவினை ஆலயங்களை நிரப்பிவிடும் என்று நான் சொல்லவில்லை. அவ்விடங்களிலும் ஆராதனைக்கு வருவோர் குறைந்தே வருகிறார்கள். ஆயினும் அந்தத் திருச்சபைகள் பேசும்போது, அரசாங்கத்தின் ஒரு இலாகா பேசுகிறது என்று யாரும் எண்ணுவதற்கு இடமில்லை.

எங்கள் அனுபவத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1813ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் கல்கத்தாவுக்கு ஒரு பேராயரைத் தந்தது. 1835இல் சென்னைக்கும் ஒருவர் வந்தார். ஆள வந்தவர்களின் மதம் என்ற பெயரும் கூடவே வந்தது. 1919இல் தரங்கம்பாடியில் கூடி ஐக்கியத்திற்கு அறைகூவிய ஊழியர்களும், வெள்ளாளன்விளையில் பிறந்து ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் அசரியாவும், பிரிந்து கிடந்த சபைகள் ஒன்றாக வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். 1927ஆம் ஆண்டு இந்தியத் திருச்சபைச் சட்டத்தின்படி 1930 மார்ச் 1ஆம் தேதி இங்கிலாந்தோடு இருந்த சட்டப் பிணைப்பு நீங்கிற்று. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி, சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில், ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், பிரஸ்பிட்டேரியர், காங்கிரிகேஷனல் சபையார் ஆகியோர் இணைந்து தென்னிந்தியத் திருச்சபையாயினர். எங்கள் ஜெப முறையையும் ஐக்கியத்தின் நிபந்தனைகளையும் லண்டன் பார்லிமெண்டின் சம்மதத்திற்கு அனுப்ப வேண்டியிருந்தால், அந்த நாள் வந்தே இருக்காது என்பது என் உறுதியான நம்பிக்கை.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது இது. பொதுச் சினாட்டைக் கூட்டி, இங்கிலாந்துத் திருச்சபையை அரசின் பந்தத்திலிருந்து விடுவிக்குமாறு பார்லிமெண்டைக் கேட்கும் தீர்மானத்தைத் தாங்களே முன்மொழிய வேண்டும். ஆராதனை, உபதேசம், பேராயர் தேர்வு ஆகிய மூன்றும் முழுமையாகத் திருச்சபையின் கைக்கே வர வேண்டும். பிரபுக்கள் சபையின் 26 ஆசனங்களைப் பிறர் பறிக்கும் வரை காத்திராமல் திருச்சபையே திருப்பிக் கொடுக்க வேண்டும். மன்னர் விரும்பினால் வெஸ்ட்மின்ஸ்டரில் அவர் சிரசில் எண்ணெய் வார்த்து ஜெபியுங்கள். ஆனால் விசுவாசத்தைப் பதவியின் நிபந்தனையாக்கும் சட்டத்தை நீக்கக் கேளுங்கள். தேசத்தின் பொதுச் சொத்தாகிய புராதன ஆலயங்களைப் பேணும் செலவில் அரசு பங்கேற்பது வேறு விஷயம். அதைத் தனியே, வெளிப்படையாகப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

பலவந்தத்தால் இழக்கும் கௌரவம் தோல்வியாகும். மனச்சாட்சியின் பொருட்டுத் துறக்கும் கௌரவமோ சாட்சியாகும். இவ்விரண்டில் எது நேரப் போகிறது என்பதைத் தெரிந்துகொள்ளும் அவகாசம் தங்கள் திருச்சபைக்கு இன்னமும் இருக்கிறது. அந்தத் தெரிவைச் செய்யும் தைரியத்தைத் தங்களுக்கு அருளும்படி ஆண்டவரை நாடோறும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் ஊழியத்தில் அன்புள்ள,
தென்னிந்தியத் திருச்சபையின் ஓர் அங்கத்தினன்