கடல் நடுவே தீ! கரையில் பாராமுகம்!

நாற்புறமும் நீர் சூழ்ந்திருக்கத் தீக்கு அஞ்சுவதா என்று நகைப்போர் நம்மிடையே உளர். அவர்களுக்கு நாம் ஒரு கப்பலைக் காட்டுகின்றோம். 1998 யூலை 20ஆம் நாள், அமெரிக்காவின் மயாமித் துறையினின்று 2,500க்கு மேற்பட்ட பயணிகளுடன் புறப்பட்ட 'எக்ஸ்ரசி' என்னும் உல்லாசக் கப்பல் தீப்பற்றிற்று. தீ பிறந்த இடம் எது? இயந்திர அறையன்று, சமையலறையன்று, சலவை அறை! அங்கே அனுமதியின்றி வெல்டிங் வேலை நடந்தது. காற்றுக் குழாயில் திரண்டு கிடந்த பஞ்சுத் தூசில் பொறி பட்டது. குழாய் வழியே ஓடிய தீ, பின்தளத்துக் கயிறுகளையும் பற்றிக்கொண்டது. உயிர்கள் தப்பின; இழப்போ 1 கோடி 70 இலட்சம் டொலருக்கும் மேல்!

இதனால் தீவகத்துக்கு என்ன என்று கேட்பீர்களாயின், சொல்லுவோம். ஊர்காவற்றுறை பழம்பெருந் துறைமுகம். கடல் கடந்து கப்பல்களில் உழைக்கும் பிள்ளைகளைப் பெற்ற மண் இது. தீ மூண்டால், "மாலுமியின் கவனயீனம்" என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடுவது முதலாளிகளின் வழக்கம். தூசு துடைக்க நேரமும் ஆளும் கொடாதவன் குற்றவாளி அல்லனோ?

குறிகட்டுவானுக்கு வருவோம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகன்றி வழியில்லை. நெடுந்தீவு செல்லும் ஆசிரியரும் நோயாளரும் கமக்காரரும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலையே நம்பியிருக்கின்றனர். படகின் இயந்திர அறையில் எறியப்படும் எண்ணெய்த் துணி, அந்தப் பஞ்சுத் தூசின் உடன்பிறப்பு. சமையலெண்ணெயோ வர்ண எண்ணெயோ தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால், பொறியின்றியே உள்ளுக்குள் கனன்று எரிவதுண்டு.

2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' எரிந்ததை நாடே கண்டது. அமிலம் கசிவது முன்பே தெரிந்திருந்தும் தீ தடுக்கப்படவில்லை. 100 கோடி டொலர் இழப்பீடு கொடுக்குமாறு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2025இல். மீனவனின் அடுப்பு நான்கு ஆண்டுகள் காத்திருக்குமா?

தடுப்பதற்கு மலையைப் புரட்ட வேண்டியதில்லை. உலர்த்தும் இயந்திரத்தின் வடியை ஒவ்வொரு முறையும் துப்புரவாக்குக! காற்றுக் குழாயைக் காலந்தோறும் திறந்து தூசு நீக்குக! சூடாறாத துணியைக் குவியாதீர்! எண்ணெய்த் துணிக்கு மூடியுள்ள இரும்புத் தொட்டி வைப்பீர்! அனுமதியும் காவலும் இன்றி வெல்டிங் செய்யாதீர்!

அதிகாரிகளை ஒன்று கேட்கின்றோம். தீவகப் படகு ஒவ்வொன்றிலும் தீயணைப்புக் கருவி எத்தனை, அவை கடைசியாகப் பரிசோதிக்கப்பட்ட நாள் எது, படகோட்டிகள் பயிற்சி பெற்ற நாள் எது என்பவற்றை இறங்குதுறையில் எழுதி ஒட்டுவீர்களா? பணமில்லை என்று சொல்லாதீர். ஒரு தொட்டிக்கு மூடி போட முடியாத ஆட்சி, எரிந்த பின் விசாரணைக் குழு அமைக்க மட்டும் எங்கிருந்து பணம் தேடும்?