“எந்த முறை?” என்று கேட்பதற்கு முன்



கர்ப்பத்தைக் கலைக்க எண்ணும் பெண்ணுக்கு வழிகாட்டும் இணையக் கருவிகள் இப்பொழுது உலகில் பெருகிவருகின்றன. மாத்திரையா, மருத்துவமனையில் செய்யும் உறிஞ்சல் முறையா என்று அவை கேட்கின்றன. எத்தனை நாள் வலி, எவ்வளவு இரத்தப்போக்கு, வீட்டில் இருக்க விருப்பமா, ஒரே நாளில் முடிய வேண்டுமா என்று வரிசையாக வினவி, இரண்டில் எது தனக்கு ஏற்றது என்று அவளையே முடிவெடுக்கச் சொல்லுகின்றன. பிரிட்டனில் நைஸ் என்னும் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2019-ஆம் ஆண்டிலேயே இத்தகைய தெரிவேடு ஒன்றை வெளியிட்டது. இது முன்னேற்றம் என்று சொல்லப்படுகிறது. அப்படித்தானா என்று இவ்வாரம் சோதித்தறிவோம்.

முதலாவது, எதிர்த்தரப்புக்கு நியாயம் செய்வோம். மருத்துவரின் அவசரத்துக்கும் உறவினரின் நெருக்குதலுக்கும் நடுவில் நிற்கும் பெண்ணுக்கு உண்மையான தகவல் கிடைப்பது நல்லது என்கிறார்கள். அதை மறுக்கமாட்டேன். வதந்தியைவிட உண்மை மேலானது. அறியாமையில் ஒருவளை வைத்திருப்பது பரிசுத்தம் ஆகாது.

ஆனால் அந்தக் கருவியைக் கல்வராயன் மலைக்குக் கொண்டுவாருங்கள். கரியாலூரைச் சுற்றியுள்ள ஒரு மலைக்கிராமத்தில் இருக்கும் பெண்ணின் கையில் அதைக் கொடுங்கள். இம்மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலையும் பேருந்துமே அங்கே வழக்காயின. இரண்டு வாசல்களும் திறந்திருக்கின்றன என்று எண்ணிக்கொண்டே கருவி பேசுகிறது. வாசலுக்குப் போகும் வழியே இல்லாதவளிடம், “எந்த வாசல் உனக்குப் பிரியம்?” என்று கேட்பது தயவா, பரியாசமா?

தேசத்தின் கணக்கும் இதையே காட்டுகிறது. 2015-இல் இந்தியாவில் ஏறக்குறைய 1 கோடியே 56 இலட்சம் கருக்கலைப்புகள் நடந்தன என்று லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவற்றில் ஏறத்தாழ 73 விழுக்காடு, மருத்துவ நிலையங்களுக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. இவர்களில் எத்தனை பேர் இரண்டு முறைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்கக்கூடும்? கைக்குக் கிடைத்ததை விழுங்கியவர்களே மிகுதி என்று அஞ்சுகிறேன். அதற்குத் தெரிவு என்று பெயரிடுவது வறுமைக்குப் பட்டாடை உடுத்துவதாகும்.

மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டோல் என்னும் அம்மாத்திரைகளின் கூட்டுப்பொதி நம் நாட்டில் 63 நாள் வரையிலான கர்ப்பத்துக்கே, மருத்துவரின் சீட்டோடு கொடுக்க அனுமதிக்கப்பட்டது. கரு குழாயில் தங்கியிருந்தால் இவை அதை அகற்றுவதில்லை. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. இரத்தசோகையால் வெளுத்திருப்பவளுக்குச் சாதாரண இரத்தப்போக்கும் சுமையாகும். திரை அவளுடைய நாடியைப் பிடித்துப் பார்க்குமா? கண்ணிமையைத் தாழ்த்திப் பார்க்குமா? நள்ளிரவில் மலையிறங்க ஜீப் தேடுமா?

இவற்றைக்காட்டிலும் ஆழமான குறை ஒன்று உண்டு. அந்தக் கருவி இரண்டாம் கேள்வியில் தொடங்குகிறது. முதற்கேள்வியை அது கேட்பதேயில்லை. ஆதியாகமம் பதினாறாம் அதிகாரத்தை நினைத்துப்பாருங்கள். கர்ப்பவதியான அடிமைப்பெண் ஆகார், எஜமானியின் கொடுமைக்குத் தப்பி வனாந்தரத்துக்கு ஓடிப்போகிறாள். நீரூற்றண்டையில் தேவதூதன் அவளைப் பெயர் சொல்லி அழைத்து, எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று விசாரிக்கிறான். அவளுடைய சரித்திரமும் எதிர்காலமும் பரலோகத்துக்கு முக்கியமாயிருந்தன. ஆகையால் அவள் தேவனைத் தன்னைக் காண்கிறவர் என்று அழைத்தாள். உன்னை இங்கே துரத்தியது யார், உன்னோடு இருக்கவேண்டியவன் எங்கே, இந்தப் பிள்ளையைப் பெற விரும்பியும் முடியாமற்போகிறதா என்று கேட்பதே முதற்கேள்வி. எந்த முறை என்பது அதற்குப் பின்வருவது.

கருவில் உருவாகும் உயிர் தேவகரத்தின் கிரியை என்று நான் விசுவாசிக்கிறேன், அதை மறைக்கவில்லை. எனினும் சபைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். அப்பெண் ஏன் திரையிடம் போகிறாள்? திரை அவளை ஏசுவதில்லை. திரை அடுத்த வீட்டில் போய்ச் சொல்லுவதில்லை. ஒரு கைப்பேசி நம்மைவிடச் சாந்தமாய்ப் பேசுகிறது என்றால், தீர்ப்பு யார்மேல் விழுகிறது? பிரசங்க பீடத்தில் பாவம் என்று முழங்கி, அவளைக் கைவிட்ட வாலிபனுக்கு மறுவாரம் திருமண வாழ்த்துப் பாடும் சபை, ஜீவனைக் காக்கும் சபை அல்ல.

ஆகவே, பிரியமானவர்களே, செய்யவேண்டியவை உண்டு. முதலாவது, அவளோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூடச் செல்லுங்கள். அவள் எந்த முடிவில் இருந்தாலும் செல்லுங்கள். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அவளுடைய பெயரைச் சட்டம் அனுமதியாத ஒருவருக்கு மருத்துவர் வெளிப்படுத்துவது தண்டனைக்குரியது. 18 வயது நிறைந்தவளுக்கு அவளுடைய சம்மதமே போதும். 18 வயதுக்குக் குறைந்த சிறுமியானால், அவளும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் காவல்துறைக்கான தகவலில் மருத்துவர் அவளுடைய அடையாளத்தை வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தெளிவாக்கியது. பயத்தால் எவளும் போலி மருத்துவரிடம் போகவேண்டிய அவசியமில்லை.

இரண்டாவது, ஏற்கெனவே மாத்திரை உட்கொண்டவளுக்குத் தொடர்ந்து இரண்டு மணிநேரம், மணிக்கு இரண்டு நாப்கின் முழுதும் நனையுமளவு இரத்தம் போனாலோ, காய்ச்சலோ மயக்கமோ கண்டாலோ, கேள்வி கேளாமல் 108-ஐ அழையுங்கள். உபதேசம் பிறகு ஆகட்டும்.

மூன்றாவது, பெற்றெடுக்க விரும்புகிறவளுக்கு வழி காட்டுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்க உதவுங்கள். வளர்க்க இயலாதவளுக்கு, நமக்கு அண்டையிலுள்ள சேலத்தில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தையும் சட்டபூர்வமான தத்தெடுப்பையும் சொல்லுங்கள். அரிசியும் பேருந்துச் செலவும் உங்கள் கையிலிருந்து போகட்டும். நல்ல சமாரியன் காயப்பட்டவனுக்கு ஆலோசனை மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. சத்திரக்காரனிடம் பணமும் கொடுத்தான்.

இவற்றைச் செய்யாத நாம், கருவிகளைக் கண்டித்துப் பேசுவதற்கு என்ன உரிமை உடையவர்கள்?

ஜெபம்: ஆகாரைக் கண்ட தேவனே, மலைச்சரிவில் தனித்திருக்கும் உமது குமாரத்திகளைக் காணும் கண்களையும், அவர்களுடைய கதையை முழுதும் கேட்கும் செவிகளையும், கேட்டபின் எழுந்து நடக்கும் கால்களையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.