ஆரத்தித் தட்டு சொன்ன சேதி

சகோதரிகளே, சாமி விஷயத்தில் கேள்வி கேட்டால் "நாத்திகம் பேசறா" என்று சொல்லிவிடுவார்கள். என்னை அப்படிச் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் எனக்குப் பொழுது சாயாது. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றத் தவறியதில்லை. ஆனாலும் யாராவது "இது தெய்வ வாக்கு" என்று சொன்னால், ஒரு நிமிஷம் நின்று யோசிக்கிற பழக்கம் உண்டு. அது என் அம்மா கொடுத்த சீதனம்.

1995 செப்டம்பர் 21-ஆம் தேதி ஞாபகம் இருக்கிறதா? பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று நாடே கோயில் வாசலில் நின்ற நாள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் டம்ளரில் பாலும் ஒரு கரண்டியுமாக வரிசையில் நின்றுவிட்டு வந்தாள். "குடிச்சாராம்மா?" என்று ஓடிப் போய்க் கேட்டேன்.

"கரண்டியிலே பால் குறைஞ்சது நிஜம்தான். ஆனா பிள்ளையார் காலடியெல்லாம் பால் வழிஞ்சு வழுக்குதே, அது எங்கேயிருந்து வந்துச்சு?" என்றாள் அம்மா.

டில்லியில் விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து கொடுத்துப் பார்த்து, அது சிலை மேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்குவதைக் காட்டினார்கள். நிறைந்த கரண்டியை ஈரமான கல்லில் ஒட்டிச் சாய்த்தால் பால் தானாக இழுபட்டு வழியும். பால் வெள்ளை, படலம் மெலிசு, அதனால் கண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா வழக்கம்போல் அதே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வந்தாள். "அரிசி வாங்கறப்போ படி சரியா இருக்கான்னு பாக்கறோமே, அதனாலே அரிசி மேலே நம்பிக்கை இல்லேன்னு அர்த்தமாடி?" என்பாள்.

அந்தப் பேச்சு எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு உதவும் என்று நான் அப்போது நினைக்கவில்லை.

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். போன வருஷம் அவர் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். சுகப்பிரசவம், பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது வாசலில் ஆரத்தி எடுத்தவளே நான்தான். பெயர் சூட்டிய பிறகு ஊருக்கு வந்துவிட்டேன். குழந்தைக்கு நாற்பது நாள் ஆனபோது அண்ணியிடமிருந்து போன். குரலே சரியில்லை. மறுநாள் பஸ் ஏறினேன்.

போய்ப் பார்த்தால் பெண் பாதியாக இளைத்திருக்கிறாள். குழந்தை தூங்கினாலும் இவளுக்குத் தூக்கமில்லை. சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்துவிடுகிறாள். காரணமில்லாமல் கண்ணீர். குழந்தை அழுதால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள். "மூணு வாரமா இப்படித்தான்" என்றார் அண்ணி. அக்கம்பக்கத்தில், "காத்து கருப்பு பட்டிருக்கும், பிள்ளை பெத்த உடம்பு" என்று சொல்லி, குறி சொல்கிற ஒருவரை அழைத்து வந்திருக்கிறார்கள்.

அவர் ஒரு வெள்ளைத் துணியில் மஞ்சளைக் குழைத்துப் பூசச் சொன்னாராம். பிறகு தன் செம்பிலிருந்து தீர்த்தத்தை எடுத்துத் தெளித்தாராம். விழுந்த இடமெல்லாம் ரத்தச் சிவப்பு! "யாரோ செய்வினை வச்சிருக்காங்க. ரத்தம் கேக்குது" என்று சொல்லிவிட்டார். பரிகாரத்துக்கு 48 நாள் பூஜை, 15,000 ரூபாய். அதோடு விட்டாரா? பெண் மூன்று நாள் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருக்க வேண்டும், குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூடாது, ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளை நிறுத்த வேண்டும். பணத்துக்காக அண்ணி வளையலைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார்.

அந்தத் துணி பூஜை அலமாரியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. சிவப்புத் திட்டுகளைப் பார்த்ததும் முதலில் எனக்கும் சொரேர் என்றது. அப்புறம், இந்தச் சிவப்பு எனக்குத் தெரிந்த சிவப்பாயிற்றே என்று மனசு சொன்னது. நாற்பது நாளைக்கு முன் இதே வீட்டு வாசலில் நான் கரைத்த சிவப்பு!

அண்ணியை அடுப்படிக்குக் கூப்பிட்டேன். ஒரு தட்டில் மஞ்சள் தூளைக் கரைத்தேன். பெரியவரின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்துத் தண்ணீரில் கலக்கி, தெளிய விட்டேன். மேலே தெளிந்து நிற்கிற தண்ணீர் பார்வைக்குப் பச்சைத் தண்ணீர்தான். அதை ஒரு கரண்டி மொண்டு மஞ்சள் தண்ணீரில் விட்டேன். குபீரென்று சிவந்தது. "இப்ப இதுலே எலுமிச்சம்பழம் பிழியுங்க அண்ணி" என்றேன். பிழிந்தார். சிவப்பு போய் மறுபடி மஞ்சளாகிவிட்டது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. மஞ்சளுக்கு நிறம் கொடுக்கிற சத்து காரம் பட்டால் சிவக்கும், புளிப்பு பட்டால் பழைய நிறத்துக்குத் திரும்பும். துணியில் மஞ்சள் கறை பட்ட இடத்தில் சோப்பு போட்டதும் சிவக்கிறதே, அதுவும் இதேதான். தினம் நம் கையில் நடப்பதை நாம் கவனிப்பதில்லை.

அண்ணி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ அவர் ஏமாத்தினாருங்கிறியா?" என்று கேட்டார்.

"அவர் செம்பிலே என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது அண்ணி. நம்ம வெத்திலைப் பெட்டியிலே இருக்கறதாலேயும் இது நடக்கும்னு மட்டும்தான் தெரியும்."

"தெய்வ குத்தம் ஆயிடுச்சுன்னா?"

எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. பிள்ளை விஷயம். ஆனால் உள்ளே போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தபோது, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அத்தை, எனக்கு மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போகவே பயமா இருக்கு. என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க."

அதற்கு மேல் எனக்கு எந்த யோசனையும் வேண்டியிருக்கவில்லை. "பரிகாரம் 48 நாள் காத்திருக்கும் அண்ணி. இவ காத்திருக்க மாட்டா" என்றேன். அன்று ராத்திரி இரண்டு பேரும் அவளுக்கு இரு பக்கமும் படுத்துக்கொண்டோம். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்.

டாக்டரம்மா அவளை அரைமணி நேரம் பேசவிட்டுக் கேட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ரத்தசோகை இருந்தது. கூடவே, பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு என்றார். இது அபூர்வ நோய் இல்லை. பிள்ளை பெற்றவர்களில் நூற்றுக்கு 13 பேருக்கு இப்படி மனநலக் கோளாறு, பெரும்பாலும் மனச்சோர்வு, வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம்மைப் போன்ற வளரும் நாடுகளில் ஏறக்குறைய 20 பேருக்கு. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. ராத்திரி தூக்கம் முக்கியம் என்றதால், குழந்தை விழித்தால் தூக்கிக்கொள்கிற வேலையை அண்ணி ஏற்றுக்கொண்டார்.

ஒரே நாளில் குணமாகிவிடவில்லை, சகோதரிகளே. அதையும் சொல்ல வேண்டும். வாரங்கள் ஆயின. மூன்றாம் மாதம் அவள் குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, ஏதோ கேட்டுச் சிரித்தாள். அண்ணி அடுப்படிக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வளையல் மறுபடி கையில் ஏறியிருந்தது.

நம்பிக்கையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 2002-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர்கள் உள்ளிட்ட குழு ஒன்று, தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 மனநோயாளிகளைக் கவனித்து எழுதியது. சில வாரம் அங்கே தங்கியதில் நோயின் வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அங்கே மாந்திரீகம் இல்லை; யாரையும் அடிக்கவில்லை, விரட்டவில்லை. அமைதியான இடமும் கூட இருந்த குடும்பமும்தான் பலன் கொடுத்தன என்று கருதினார்கள். அதற்கு முந்தின வருஷம், 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, ஏர்வாடியில் தனியார் நடத்திய காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். குணமாகும் என்று நம்பித்தான் அவர்களையும் வீட்டார் அந்த ஊருக்குக் கொண்டுவந்து விட்டார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ஆம் வருஷச் சட்டம் இப்போது தெளிவாகவே சொல்கிறது. ஆதரவு கொடுக்கிற நம்பிக்கை ஒன்று, கட்டிப்போடுகிற நம்பிக்கை ஒன்று. எது எது என்று பிரித்துப் பார்க்கத்தான் கேள்வி வேண்டும்.

யாராவது அற்புதம் காட்டினாலோ பரிகாரம் சொன்னாலோ, நான் இப்போது மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறேன். இது வேறு எதனாலாவது நடக்குமா? இவர் சொல்வது தப்பாக இருந்தால், அதனால் கஷ்டப்படப் போவது யார்? சாப்பாட்டை நிறுத்து, மருந்தை நிறுத்து, வெளியே சொல்லாதே, பணம் கொண்டுவா என்று இவற்றில் ஏதாவது அந்தப் பேச்சில் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வந்தால், கும்பிட்டு வழியனுப்பிவிட வேண்டியதுதான்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிரசவமான முதல் சில நாள் அழுகை வருவது சகஜம், தானே சரியாகிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் போங்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தாலோ, இல்லாத குரல் காதில் கேட்டாலோ, அன்றைக்கே போக வேண்டும். தனியாக இருக்கக் கூடாது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். கட்டணம் கிடையாது.

அண்ணி வேண்டிக்கொண்டபடி, குழந்தைக்கு ஒரு வயதானதும் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தோம். விறகை ஊதிக்கொண்டே, "அம்மா காப்பாத்திட்டா" என்றார் அண்ணி. "ஆமாம் அண்ணி, சரியான நேரத்திலே டாக்டர்கிட்டே அனுப்பிக் காப்பாத்திட்டா" என்றேன். இரண்டு பேருமே சிரித்துவிட்டோம்.