இன்சூரன்ஸ்காரர் எழுதிய சொனாட்டா

உங்க கட்டிலுக்கு அடியில கீபோர்டோ கிட்டாரோ தூசி படிஞ்சு கிடக்கா? "இனி பிளேஸ்மென்ட், அப்புறம் வேலை, இதுக்கெல்லாம் எங்க நேரம்?" என்று நீங்களே அதை உள்ளே தள்ளியிருந்தால், சார்ல்ஸ் ஐவ்ஸ் கதையைக் கொஞ்சம் கேளுங்க.

1874-ல் பிறந்த அமெரிக்கர். யேல் பல்கலைக்கழகத்தில் இசையும் படித்தார். படிப்பு முடிந்ததும் போய்ச் சேர்ந்தது நியூயார்க்கில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில்! பிறகு ஒரு கூட்டாளியோடு சொந்த ஏஜென்சி நடத்திப் பெரிய ஆளானார். பகலில் பாலிசி, இரவிலும் லீவு நாளிலும் இசை. அப்படிப் பிறந்ததுதான் பியானோவுக்கான 'கன்கார்ட் சொனாட்டா'.

சுமார் முக்கால் மணி நேரம் ஓடும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கன்கார்ட் ஊரில் வாழ்ந்த எழுத்தாளர்களின் பெயர்தான் நாலு பகுதிக்கும். முதல் பகுதி 'எமர்சன்', நாலு பேர் ஒரே நேரத்தில் வாதாடுற மாதிரி இருக்கும். தாளத்தைப் பிரித்துக் காட்டும் கோடுகள் பெரும்பாலும் கிடையாது. அடுத்தது 'ஹாதோர்ன்'. அதில் 14¾ அங்குல மரப்பலகையைக் கட்டைகள் மேல் வைத்து மெல்ல அழுத்தச் சொல்கிறார். ஒரு கொத்து சுரம் பனிமூட்டம் மாதிரி பரவும். மூன்றாவது 'ஆல்காட்' குடும்பம், வீட்டுக் கூடத்தில் யாரோ வாசிக்கிற எளிமை. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைத் தொடங்கும் அந்த நாலு சுரம் சொனாட்டா முழுக்கத் தலைகாட்டும். இங்கே கம்பீரமா எழுந்து நிற்கும். கடைசியில் 'தோரோ'. அவர் புல்லாங்குழல் வாசித்தவர் என்பதால், பியானோ இசைக்குள்ளேயே புல்லாங்குழலுக்கும் சில வரி எழுதி வைத்தார்.

இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? மாதச் சம்பளத்திலிருந்துதான் என்பது என் கருத்து. டிக்கெட் விற்கணும், ரசிகருக்குப் பிடிக்கணும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. 1920-ல் சொந்தக் காசில் அச்சடித்து இலவசமாகவே அனுப்பினார். பெரிய வரவேற்பு இல்லை. 1939-ல் ஜான் கிர்க்பாட்ரிக் நியூயார்க்கில் முழுசா வாசித்தபோதுதான் பெரிய விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஐவ்ஸுக்கு அப்போது வயசு 64.

இரட்டை வாழ்க்கை ஈஸி என்று சொல்ல வரலை. 1918-ல் கடுமையான நோயில் விழுந்தார். 1920-களின் கடைசிக்குள் புதுசா எழுதுவதே நின்றுபோனது. ஆனா, வேலையா இசையா என்று ஒன்றைத் தலைமுழுக அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. நாம மட்டும் ஆஃபர் லெட்டர் வர்றதுக்கு முன்னாடியே தலைமுழுகிடுறோம்!

முதல்முறை கேட்கிறவங்க 'ஆல்காட்' பகுதியில் தொடங்குங்க, ஆறு நிமிஷம்தான் ஆகும். 'எமர்சன்' இரண்டு நிமிஷத்தில் தலைவலி தந்தாலும் உடனே மாற்றிடாதீங்க. யாரையும் திருப்திப்படுத்தத் தேவையில்லாத மனுஷன் எப்படிப் பேசுவான் என்று அதில் கேட்கலாம்.

கேட்டு முடிச்சதும் கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாருங்க.